பரண் மேல் ஓர் இரவு: சென்னைப் பயணக் குறிப்புகள்

ஜனவரி 25, சனி. தாம்பரம், முடிச்சூர்

விடிந்ததும் தாம்பரத்தில் இறக்கிவிட வேண்டிய ரயில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல்வெளியில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. தை மாசப் பனி ஜன்னல் கம்பியில் முத்து முத்தாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் இருந்த அம்மா தூக்குவாளியைத் திறந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எங்கள் எல்லாருக்கும் எடுத்து வைத்தார். மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிற இட்லி அது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். "நான் மட்டும் தின்னா எனக்கு இறங்குமா?" என்றார். வாங்கிக்கொண்டோம்.

கூட வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு அவரைத் தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் மனசில்லை. அதனால் துணைக்கு நான். தங்குவது முடிச்சூரில் அவருடைய நண்பர் வீட்டில். வெலிங்டனில் இருக்கிற ரெஜிமெண்ட் சென்டரில் இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். நண்பர் ஹவில்தாருக்கு மேலே, சுபேதாராக ஓய்வு பெற்றார். ஒரே பேட்ச்தான், ஆனாலும் மாமா இன்றைக்கும் அவரை "சாப்" என்றுதான் கூப்பிடுகிறார். அவர் மாமாவை "டேய் நெல்லை" என்கிறார்.

தாம்பரம் மேற்கில் டீ பதினைந்து ரூபாய். டம்ளர் சின்னது, டீ நல்ல திக்கு. அங்கிருந்து பஸ் பிடித்து முடிச்சூர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகிவிட்டது. சுபேதார் தெருமுனைக்கே வந்து நின்றார். மாமா பையைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். சுபேதார் அவர் தோளில் ஒரு தட்டு தட்டி இழுத்து அணைத்துக்கொண்டார்.

வீட்டில் சுடச்சுட இட்லியும் வடைகறியும். சுபேதாரின் மனைவி பரிமாறிக்கொண்டே, "இவர் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார் தம்பி, நீங்க முதல்ல சாப்பிட்டு முடிங்க" என்றார். உண்மைதான். 2015 வெள்ளத்தில் அவர் இரண்டு பேரைக் காப்பாற்றிய கதைதான் பேச்சு. சாகசம் செய்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். சுபேதார் அப்படி இல்லை. கயிறு எத்தனை அடி, முடிச்சு எந்த முடிச்சு, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து தள்ளியது, எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய கோடு இருக்கிறது. என் நெற்றி உயரம். புது பெயிண்ட் அடித்தபோதும் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் அடிக்க விடவில்லையாம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. மறுநாள் காலை வரை இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அவர் அப்போது நாயிப் சுபேதார், பஞ்சாபில் போஸ்டிங். விடுப்பில் வந்திருந்தார். சீருடை இல்லை, உத்தரவு இல்லை, கூட ஆளும் இல்லை. முடிச்சூர் வெள்ளத்துக்கும் செம்பரம்பாக்கம்தான் காரணம் என்று பலர் பேசுவார்கள். அந்த ஏரியின் உபரி நீர் திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் அடையாற்றில் வந்து சேர்கிறது. ஆற்றின் போக்கில் முடிச்சூர் அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. இங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீர். இதை அவர் மேஜையில் சாம்பார்க் கரண்டியால் கோடு போட்டுக் காட்டினார்.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிவாக்கில், தெருக்கோடியிலிருந்து தட்டை அடிக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. விட்டுவிட்டுக் கேட்கிற எவர்சில்வர் சத்தம். கடைசி வீடு, மாடி இல்லாத வீடு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சரும், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த அவர் கணவரும் மட்டும் இருந்தார்கள்.

முதலில் அவர் செய்த காரியம் தண்ணீரில் இறங்குவது இல்லை. தெருவில் மின்சாரம் நின்றுவிட்டதா என்று எல்லார் வீட்டிலும் குரல் கொடுத்துக் கேட்டிருக்கிறார். அப்புறம் மாடிவீட்டுப் பையன்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, போர் மோட்டார் இறக்குகிற கயிற்றையும் துணி காயப்போடுகிற நைலான் கொடியையும் சேர்த்து முடிந்து, ஒரு முனையை மாடித் தூணில் கட்டினார். இரண்டு காலி பபுள்டாப் தண்ணீர் கேன்களை மூடி இறுக்கி விலாவில் ஒவ்வொரு பக்கமும் கட்டிக்கொண்டார். "கயிறு ரெண்டு தடவை இழுபட்டா விடு, மூணு தடவை இழுபட்டா இழு. பயந்துபோய் நீயா இழுத்திடாதே" என்று பையன்களை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தாராம். அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

வீட்டுக்கு வீடு ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போயிருக்கிறார். காம்பவுண்டுச் சுவரை நம்பக்கூடாது, ஊறிய சுவர் எந்த நிமிஷமும் சரியும் என்றார். குறுக்குச் சந்தில் தண்ணீர் பக்கவாட்டில் அடித்து, நின்றிருந்த வேன் மேல் தூக்கி மோதியது. வலது முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. லுங்கியை ஒதுக்கிக் காட்டினார்.

கடைசி வீட்டின் கிரில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. சாவி ஃப்ரிட்ஜ் மேலே இருந்ததாம். ஃப்ரிட்ஜ் மிதந்து கவிழ்ந்து கிடந்தது. டீச்சர் மார்பளவுத் தண்ணீரில் கணவரின் தலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருக்கிறார். கிரில்லைப் பெயர்க்கக் கையில் ஒன்றும் இல்லை. சுபேதார் பின்பக்கம் சுற்றிப் போய், பாத்ரூம் வெண்டிலேட்டரின் லூவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். தோளில் தோல் பிய்ந்தது.

இதுவரை துணிச்சல் உள்ள யாரும் செய்யலாம். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

சமையலறையில் சிமெண்ட் பரண், ஏழடி உயரம். கை கால் விளங்காத ஒரு பெரியவரைத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒற்றை ஆளாக அவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியாது. அதனால் அவர் தூக்கவில்லை. கட்டிலில் இருந்த ஃபோம் மெத்தையை உருவி, அடியில் தன் இரண்டு கேன்களையும் கட்டி, பெரியவரை அதன் மேல் மிதக்கவிட்டு, சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, காத்திருந்தார். தண்ணீர் ஏற ஏற மெத்தையும் ஏறும். ஆளை மூழ்கடிக்க வந்த தண்ணீரையே ஏணியாக்கிக்கொண்டு, தாடை வரை வரும்வரை நின்றிருக்கிறார். எத்தனை நேரம் என்று மாமா கேட்டார்.

"முக்கால் மணி நேரம் இருக்கும். அவசரப்பட்டிருந்தா அவரைத் தண்ணியில விட்டிருப்பேன். கடைசியில தண்ணிதான் தூக்கிக் கொடுத்துச்சு. நான் ஒரு உருட்டு உருட்டி மேல தள்ளினேன், அவ்வளவுதான்."

டீச்சரை அதற்கு முன்பே மேலே ஏற்றிவிட்டிருந்தார். அப்புறம் தானும் ஏறினார். மறுநாள் மத்தியானம், மீனவர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஃபைபர் படகு தெருவுக்குள் நுழைந்து, கடப்பாரையால் கிரில்லை நெம்பும் வரைக்கும் மூன்று பேரும் அந்தப் பரணில்தான் இருந்தார்கள்.

ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கொசுவும் ஒரு காரணம்.

ஜனவரி 26, ஞாயிறு. காமராஜர் சாலை

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மாமா கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சுபேதாரும் அப்படியே. லோக்கல் ரயிலில் எதிரே இருந்த கல்லூரிப் பையன்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

உழைப்பாளர் சிலைப் பக்கம் கூட்டம் நெரிந்தது. மெட்ரோ வேலைக்காக மறித்த தகரத் தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நின்றபோது, பந்தோபஸ்துக்கு நின்ற ஒரு பெண் காவலர் மாமாவின் பதக்கங்களைப் பார்த்துவிட்டு ஒரு சல்யூட் அடித்தார். "ஐயா, நீங்க இப்படி நிழல்ல வாங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். எங்கேயோ போய் ஊக்கு ஒன்று வாங்கி வந்து என்னிடமும் நீட்டினார். அதை வைத்து வாரைக் குத்தி அன்றைய பொழுதை ஓட்டினேன்.

கொடியேற்றம், முப்படை அணிவகுப்பு, அலங்கார ஊர்திகள் எல்லாவற்றையும் டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் காத்திருந்தது, முதல்வர் கையால் தரப்படுகிற வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்துக்கு. தன் உயிரைப் பணயம் வைத்துப் பிற உயிரைக் காத்தவர்களுக்கான பதக்கம். ஒலிபெருக்கியில் அதைப் படித்தபோது என் பக்கத்து வரிசையில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுபேதார் மட்டும் கை தட்டினார், கை ஓயும்வரை தட்டினார்.

முடிந்ததும் கூட்டம் கலையட்டும் என்று மெல்ல நடந்தோம். எட்டு மணிக்குமேல் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப்போரின் வெற்றிக்காகக் கட்டியது, பிறகு வந்த போர்களில் இறந்தவர்களின் நினைவும் அதில் சேர்ந்துகொண்டது. வெளியே நின்றபடி மாமா சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொன்னார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், மதராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. 1944இல் இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போகிற கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்துபோனார். பிரிட்டிஷ் அரசின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது பெற்றவர். நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிரியோடு சண்டை போடுகிறவனுக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. எதிரியே இல்லாத இடத்தில் உயிரைக் கொடுத்து நிற்கிறவனுக்கு அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இந்த மூன்றையும் 1952 ஜனவரி 4 அன்று அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ஏற்படுத்தினார்கள். இப்போதைய பெயர்கள் 1967இல் வந்தவை. தாம்பரத்தில் கல்லூரி படித்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக் சக்ராதான், அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். தீவிரவாதியைச் சுட்டு வீழ்த்தியதற்காக இல்லாமல், யாரையோ தண்ணீரிலிருந்தோ பாறையிலிருந்தோ மீட்டதற்காக இந்த வரிசைப் பதக்கம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்தான் நமக்குத் தெரிவதில்லை. எனக்கு இது மனசுக்குள் உறுத்துகிறது.

மதியம் அம்மா உணவகத்தில் சாப்பிட்டோம். சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். வரிசையில் நின்ற ஒரு கட்டடத் தொழிலாளி, பதக்கத்தைப் பார்த்துவிட்டு மாமாவை முன்னால் போகச் சொன்னார். மாமா மறுத்துவிட்டு வரிசையிலேயே நின்றார்.

அங்கே கல்மேடையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் சுபேதார் கேபிள் கார் கதையைச் சொன்னார். 1992 அக்டோபர், இமாசலப் பிரதேசத்தில் பர்வானூ பக்கத்தில் டிம்பர் டிரெய்ல் என்கிற இடம். இழுவைக் கம்பி அறுந்து, கேபிள் கார் பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. மேஜர் இவான் ஜோசப் கிராஸ்டோ ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் தொங்கி அந்தப் பெட்டியின் மேல் இறங்கினார். இருட்டும் வரை சிலரைத்தான் மேலேற்ற முடிந்தது. அதற்குமேல் பறக்க முடியாது. அவர் நினைத்திருந்தால் கடைசி நடையில் திரும்பியிருக்கலாம். மிச்சம் இருந்தவர்களோடு அந்த ராத்திரி முழுவதும் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டு, மறுநாள் எல்லாரையும் அனுப்பிய பிறகுதான் வெளியே வந்தார். அவருக்குக் கீர்த்தி சக்ரா. ஹெலிகாப்டரை ஓட்டிய குரூப் கேப்டன் ஃபாலி ஹோமி மேஜருக்குச் சௌர்ய சக்ரா. அவர் பிற்பாடு விமானப்படைத் தளபதியே ஆனார்.

"பாலக்காட்டுப் பையன் கதையும் அதேதான்" என்றார் மாமா. 2022 பிப்ரவரியில் மலம்புழாவுக்குப் பக்கத்தில் குறும்பாச்சி மலைச் சரிவில் இருபத்துமூன்று வயசுப் பையன் ஒருவன் விழுந்து, பாறை இடுக்கில் தண்ணீர்கூட இல்லாமல் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தானே, அது. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்து போன மதராஸ் ரெஜிமெண்ட் குழு ராத்திரியிலேயே மலை ஏறியது. பையனிடம் கயிற்றில் இறங்கிப் போனவர் ஒரு தமிழ் வீரர். இறங்கியதும் முதலில் கொடுத்தது தண்ணீர். மேலே வந்த பிறகு அந்தப் பையன் வீரர்களுக்கு முத்தம் கொடுத்த வீடியோவை மாமா தன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார். "நம்ம சென்டர் பசங்க" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

இரண்டு கதையிலும் என்னைத் தொட்டது ஒன்றுதான். போய்ச் சேர்ந்தவர்கள், போன கையோடு திரும்பவில்லை. கூடவே இருந்தார்கள். குதிப்பதற்கு ஒரு நொடி தைரியம் போதும். இருப்பதற்கு ராத்திரி முழுவதும் வேண்டும். நேற்று சுபேதார் பரணில் தங்கியதைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாரே என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். "அதை டீச்சர்கிட்ட கேளுங்க, நாளைக்கு அங்கதான் போறோம்" என்றார்.

சாயங்காலம் மெரினாவில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி. காற்று அள்ளியது. அலையில் கால் நனைக்க முழங்கால் ஆழம் போனவர்களைக் காவலர்கள் விசில் அடித்துத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு குடும்பம் அவர்களோடு சண்டைக்குப் போனது. மெரினாவின் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த விசிலை மதியுங்கள், தயவுசெய்து.

ஜனவரி 27, திங்கள். நங்கநல்லூர்

பழவந்தாங்கலில் இறங்கி நடந்தோம். முதலில் ஆட்டோ கேட்டுப் பார்த்தோம், நடந்து போகிற தூரத்துக்கு நூற்றைம்பது என்றார். மாமா முட்டியைத் தடவிக்கொண்டே, "வாடா போலாம்" என்றார்.

டீச்சர் இப்போது மகள் வீட்டில், இரண்டாம் மாடியில் இருக்கிறார். "இனி தரைவீடு வேண்டாம்னுட்டேன்" என்றார். கணவர் 2018இல் தூக்கத்திலேயே போய்விட்டார். எண்பதை நெருங்குகிற வயசு, குரல் மட்டும் இன்னும் வகுப்பறைக் குரல். சுபேதாரைப் பார்த்ததும், "ராணுவத் தம்பி, இளைச்சிட்டியே" என்று கன்னத்தைத் தொட்டார். வற்றல் குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம் போட்டு வைத்திருந்தார். வற்றல் குழம்பில் நல்லெண்ணெய் மிதந்தது. நான் மூன்றாவது முறை சாதம் வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நேற்று வரை சுபேதார் சொல்லாத பாதி இதில் இருக்கிறது.

பரணில் கொலு பொம்மைப் பெட்டிகள் இருந்தன. மூன்று பேருக்கு இடம் போதவில்லை. டீச்சர் தன் மாமியார் காலத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டார். தசாவதார செட்டில் மச்சாவதாரம் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்ததாம், காகிதக் கூழ் பொம்மை. டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பட்டுப்புடவை இருந்தது. சுபேதாருக்குக் குளிரில் பல் கிட்டித்துக்கொண்டு, தோளிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "நான் புடவையை எடுத்து அவன் மேல போர்த்தினேன். 'வேணாம்மா, பட்டு வீணாயிடும்'னான். அடி வாங்குவேன்னு சொல்லிப் போர்த்தினேன்."

மகள் உள்ளே போய் அந்தப் புடவையை எடுத்து வந்து காட்டினார். அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. முந்தானைச் சரிகை கறுத்திருக்கிறது. ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் ஏறிய பழுப்புக் கறை அலை அலையாக நிற்கிறது. தோள் பக்கம் வரும் மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு கறை, அது வேறு நிறம். துவைக்கக் கொடுக்கவே இல்லை.

பெரியவர் தூக்கத்தில் புரண்டு விழுந்துவிடக்கூடாது என்று, தன் துண்டால் அவர் கணுக்காலையும் தன் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாராம் சுபேதார். அதனால் அவரும் தூங்க முடியாது. தூங்கினால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். மூன்று மணிக்குமேல் அவருக்குக் கண் சொருக ஆரம்பித்தது. டீச்சர் விடவில்லை. வாய்ப்பாடு கேட்டிருக்கிறார்.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுன்னேன். ஏழு பதினேழுல தப்பு பண்ணான். மறுபடி முதல்லேர்ந்து சொல்லுன்னேன். விடியறதுக்குள்ள பத்தொன்பது வரைக்கும் சொல்லிட்டான்."

சுபேதார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இன்னும் ஒன்று. "தண்ணி இங்க வரைக்கும் ஏறுமான்னு டீச்சர் கேட்டாங்க, ஏறாதும்மான்னு தைரியம் சொன்னேன்" என்று சனிக்கிழமை சுபேதார் எங்களிடம் சொல்லியிருந்தார். டீச்சர் அதை மறுத்தார். "அப்படிச் சொல்லலை. 'தெரியாதும்மா, ஏறினா மூணு பேரும் சேர்ந்து பார்ப்போம்'னான். எனக்கும் பயமா இருக்குன்னான். அவன் பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். நாப்பது வருஷம் பிள்ளைங்க முகத்தைப் பார்த்தவ நான். பயம்னு அவன் சொன்னதும்தான் எனக்குப் பயம் போச்சு."

சுபேதார் பதில் பேசவில்லை. இந்தப் பயணத்தில் அவர் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

மாடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுவதும் நின்ற அந்த மூன்று பையன்களை நினைத்தேன். அதே தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டு பிள்ளைகளோடு மாடியில் தனியாக இருந்த சுபேதாரின் மனைவியையும் நினைத்தேன். புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று அவருக்குத் தெரிய, அந்தக் கயிறு ஒன்றுதான் வழி. விடிகிற வரைக்கும் அரை மணிக்கொரு தரம் ஒரு இழுப்பு வந்துகொண்டிருந்ததாம்.

மகளுக்கு ஒரு ஆதங்கம். உயிர்காத்தவர்களுக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் என்று மத்திய அரசு 1961 முதல் தருகிறது. சர்வோத்தம், உத்தம் என்று அதில் மேல்படிகளும் உண்டு. வெள்ளம், தீ, விபத்து எதிலிருந்து மீட்டாலும் பொருந்தும். பணி நேரத்துக்கு வெளியே ஒரு ராணுவ வீரர் செய்தாலும் பொருந்தும். அந்தச் சமயத்தில் யாரும் எழுதிப் போடவில்லை. "நாங்கதான் எழுதியிருக்கணும், அப்பாவை வெச்சுக்கிட்டு எங்களுக்குக் கை ஓடலை" என்றார். சுபேதார், "அட விடுங்கம்மா, காலம் போயிடுச்சு" என்றார். எனக்கு விட மனசில்லை. உங்கள் தெருவில், உங்கள் ஊரில் இப்படி யாராவது ஒருவரைக் காப்பாற்றியதைப் பார்த்தால், அந்த வாரமே உட்கார்ந்து கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். காப்பாற்றியவர் தானே எழுத மாட்டார்.

ஜனவரி 28, செவ்வாய். பரங்கிமலை, தாம்பரம்

ரயில் ராத்திரிதான். பகலில் பரங்கிமலை ஏறலாம் என்றார் சுபேதார். மாமாவுக்காகப் பாதி வழி ஆட்டோ, இந்த முறை ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டு, சில்லறையும் சரியாகத் திருப்பிக் கொடுத்தார். மேலே தேவாலயத்தின் பக்கம் நின்றால் விமான நிலைய ஓடுபாதை முழுசாகத் தெரிகிறது. சாம்பல் நிற மூட்டத்துக்குள் நகரம்.

கீழே பச்சையாகப் பரந்து கிடப்பது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1963இல் தொடங்கியது. உள்ளே நம்மை விட மாட்டார்கள். அங்கே அணிவகுப்பு மைதானத்துக்கு, 1987இல் இலங்கையில் உயிர்விட்ட பரம்வீர் சக்ரா மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். அவரும் இங்கே பயிற்சி பெற்றவர். 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாடு நிலச்சரிவில் சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவில் பாலம் அடித்துக்கொண்டு போனபோது, மதராஸ் சாப்பர்ஸ் 190 அடி நீளத்துக்கு, இரும்புச் சட்டங்களை இணைத்துப் போடுகிற பெய்லி பாலம் போட்டார்களே, அந்த வேலையை முன்னின்று நடத்திய மேஜர் சீதா ஷெல்கே இந்த அகாடமியில் உருவானவர்தான். ராத்திரி பகல் பார்க்காமல் ஆகஸ்ட் 1 அன்று பாலத்தை முடித்துவிட்டார்கள். அதன் மேல்தான் மண் அள்ளும் இயந்திரங்களும் ஆம்புலன்ஸும் அக்கரைக்குப் போயின.

மாமா மதில் ஓரமாக நின்று கீழே ஓடிக்கொண்டிருந்த பயிற்சி வீரர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உச்சி வெயில். மோர் விற்ற பாட்டியிடம் டம்ளர் இருபது ரூபாய்க்கு வாங்கிக் குடித்தோம். இஞ்சி தூக்கலாக இருந்தது.

சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் சுபேதார் எங்களை ஏற்றிவிட வந்தார். புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார் அவர் மனைவி. ரயில் வரும்வரை சுபேதார் எனக்குக் கிளாஸ் எடுத்தார். மழைக்காலத்தில் ராத்திரி தண்ணீர் வாசல்படி ஏறினால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்கணும். வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் இருந்தால், தண்ணீர் வருவதற்கு முன்னாடியே மாடிக்குக் கொண்டுபோயிடணும், 'பார்க்கலாம்'னு உட்காரக்கூடாது. காலி கேன்களை மூடி போட்டு வைக்கணும். பரணில் ஒரு நீளக் கயிறும் டார்ச்சும் கிடக்கணும். கிரில் சாவியை ஃப்ரிட்ஜ் மேலயோ ஆணியிலயோ வைக்காம, கிரில் பக்கத்துலயே தலை உயரத்துக்கு ஒரு சரட்டுல கட்டித் தொங்கவிடணும், வெளியே இருந்து கை விட்டா எடுக்க முடியாத இடமா, உள்ளே இருக்கிறவங்க இருட்டுல தடவினா கிடைக்கிற இடமா இருக்கணும். "அந்தச் சாவி மட்டும் கையில கிடைச்சிருந்தா அவங்க ரெண்டு பேரும் நெஞ்சளவு தண்ணி வர்றதுக்கு முன்னாடியே வெளியே வந்திருப்பாங்க. நான் எதுக்கு?"

நான் போனில் குறித்துக்கொண்டேன். மாமா அதுவரை பொறுக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் ஊருக்குப் போன் போட்டு அத்தையிடம், "நம்ம கிரில் சாவி இப்ப எங்க இருக்கு? ... டிவி பெட்டிக்குள்ளயா? முதல்ல அதை வெளியே எடு. எடுத்தியா? சணல் இருக்கா பாரு" என்று பிளாட்பாரமே கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.